பனிமேட்டுக் காடாற்று

முகாமின் முதல் விதி, நெருப்பு கூடாது. சமையல் மின்சார அடுப்பில்தான். பீடி, சிகரெட் கிடையாது. சாமி படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தக்கூடாது. அதற்குப் பதிலாக பேட்டரியில் மினுக்கும் பிளாஸ்டிக் அகல்விளக்கு கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்தால் சாமிக்கே சிரிப்பு வந்திருக்கும். கனடாவின் வடகோடியில், பேருக்கு ஒரு மரம்கூட இல்லாத மேட்டுநிலத்தில் இப்படி நிறைய விதிகள். நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து கூட்டிவரப்பட்ட ஜனங்கள் எதையும் எதிர்த்துப் பேசவில்லை. ஊர் கடலுக்குள் போய்விட்டவர்களுக்கு எதிர்த்துப் பேசும் பழக்கமும் கூடவே போய்விடுகிறது.

அவர்கள் வேலை பனியைக் காவல் காப்பது. குளிர்காலத்தில் விழும் பனியைக் கோடையில் உருகவிடாமல் காப்பாற்ற வேண்டும். உயரே வானத்தில் ஒரு மெல்லிய தூசித் திரையைத் தூவி, அந்த மேட்டின்மேல் விழும் வெயிலைக் கொஞ்சம் மங்கவைத்திருந்தார்கள். அது போதாது என்பதால் கீழே மனிதர்கள் பனிமேல் வெள்ளைத் துணி போர்த்தினார்கள். பனி மூன்று கோடையைத் தாண்டிவிட்டால், பிறகு அது தானே வளர்ந்து மலையாகும், அந்த அளவுக்குக் கடல் தண்ணீர் குறையும், மூழ்கிய ஊர்கள் வெளியே வரும். வேலைக்கு ஆள் பிடித்தபோது ஒட்டிய சுவரொட்டியில் ஒரு சின்னப் பையன் கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தான். ‘உங்கள் பேரன், உங்கள் ஊரில்’ என்று எழுதியிருந்தது.

இது மூன்றாவது கோடை.

ஜூன் மாதக் கடைசியில் காற்று துணியின் ஒரு பக்கத்தைத் தூக்கியது. துணி இழுக்கும் குழுவின் தலைவர் வேம்பையன். மூழ்கிப்போன கருவேலந்துறையில் கரைவலை இழுத்த கை. மற்றவர்கள் விட்டுவிட்டு நகர்ந்துகொண்டபோது அவர் மட்டும் விடவில்லை. இழுத்துக் கட்டி முடித்துவிட்டு, “கொஞ்சம் உக்காந்துக்கிறேன்” என்று பனியில் உட்கார்ந்தார். துணியின் மறுமுனையைப் பிடித்திருந்த அவர் மனைவி பவளக்கொடி வந்து பார்த்தபோது உயிர் போயிருந்தது.

முகாமின் பொறுப்பாளர் தில்லைநாயகி. காரைக்காலில் பிறந்து, பனியைப் படிக்கப் போய், ஐம்பது வயதுக்கு மேல் இந்த மேட்டில் வந்து மாட்டிக்கொண்டவள். அந்தக் கோடையில் அவளுக்கு எல்லாமே அலுத்திருந்தது. ராத்திரியிலும் மறையாமல் காயும் வெயில் அலுத்திருந்தது. டப்பா மீன் அலுத்திருந்தது. தினமும் டொராண்டோவிலிருந்து திரையில் வந்து “நிலவரம் எப்படி?” என்று கேட்கும் மேலதிகாரி சேதுமாதவனின் முகம் எல்லாவற்றையும்விட அலுத்திருந்தது.

“ரொம்ப வருத்தம், தில்லை. நிஜமாவே,” என்றார் சேதுமாதவன். “ஆனா எரிக்கிறதெல்லாம் முடியாது. ஊருக்கு அனுப்பவும் இப்ப விமானம் இல்ல. அங்கயே வச்சிருங்க.”

“எங்க சார் வைக்கிறது? கடப்பாரை போட்டாலும் மண்ணு பேராது. கல்லு மாதிரி உறைஞ்சு கெடக்கு.”

“பனிக்குள்ள வைங்க. யோசிச்சுப் பாருங்க, எத்தனை ஆயிரம் வருஷமானாலும் அப்படியே இருப்பார். ஒரு ராஜாவுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை.”

தில்லைநாயகி இதைப் போய்ப் பவளக்கொடியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், அப்படியே சொல்லிவிட்டாள்.

பவளக்கொடி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து முகம் வீங்கியிருந்தது. “அதத்தான் மேடம் வாணாங்கிறேன். அப்படியே இருக்கக்கூடாது. செத்தவரு போவணும். இப்படியே மீசையும் கீசையுமா ஐசுக்குள்ள கெடந்து முழிச்சுக்கிட்டே இருப்பாரா? நான் போயி அங்க எப்புடித் தூங்குவேன்?”

“கரி விழுந்தா பனி தாங்காதுக்கா. வெள்ளையா இருக்கிற வரைக்கும் வெயிலத் திருப்பி அனுப்பிரும். கறுப்பு ஒரு துளி விழுந்துட்டா வெயிலக் குடிக்க ஆரம்பிச்சிரும். அதுக்குத்தான் சூடம்கூட வாணாங்கிறோம்.”

“அப்ப அவரு வெறும் கரியா?”

தில்லைநாயகி எழுந்துகொண்டாள். வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் எலிசாப்பி தன் பனிவண்டியில் மேலே வந்தாள். மேட்டுக்குக் கீழே, கடல் நாக்கு நீட்டியதுபோல் மலைகளுக்குள் நுழைந்திருக்கும் இடத்தில் இருந்த சிற்றூர்க்காரி. அவளுடைய ஜனங்கள் எத்தனையோ தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். முகாமுக்குத் தேவையான சாமான்களைக் கொண்டுவருவது அவள்தான். மூன்றாம் கோடையைப் பனி தாண்டிவிட்டால் மேடு மட்டுமல்ல, அடிவாரமும் சேர்ந்து ‘பனிப் பகுதி’ ஆகிவிடும், அவள் ஊரைத் தெற்கே எங்கோ கொண்டுபோய்க் குடிவைப்பார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. இதெல்லாம் தெரிந்தும் மூன்று வருடமாகச் சாமான் ஏற்றி வந்தாள். அவளுக்கும் வேறு வேலை இல்லை.

அன்றைக்கு வண்டி நிறைய உடைத்த மரப்பெட்டிகள். வருடத்துக்கு ஒருமுறை கப்பலில் சரக்கு வரும் பெட்டிகள். அந்த ஊரில் விறகு என்று இருந்தது அவ்வளவுதான்.

தில்லைநாயகி அவளை ஓரமாக அழைத்துப்போய் ஆங்கிலத்தில் கேட்டாள். “கரி விழுந்தால் பனி உருகும். பனி உருகினால் உன் ஊர் தப்பிக்கும். தெரிந்துதான் கொண்டுவந்தாயா?”

“தெரியும்,” என்றாள் எலிசாப்பி. “நேற்று சாமான் இறக்க வந்தபோது அந்த அம்மா உட்கார்ந்திருந்த இருப்பையும் பார்த்தேன். இரண்டில் எதற்காகக் கொண்டுவந்தாய் என்று கேட்காதே. எனக்கே தெரியாது.”

இந்தப் பதில் தில்லைநாயகிக்குப் பிடித்திருந்தது. மூன்று வருடத்தில் அந்த மேட்டில் யாரும் இவ்வளவு நேர்மையாகப் பேசி அவள் கேட்டதில்லை. “சாயங்காலம் வரை டொராண்டோவுக்குப் படம் அனுப்பும் கேமராவை அணைத்து வைக்கிறேன். பழுது என்று சொல்லிக்கொள்கிறேன்,” என்றாள்.

சிதை பனிக்குள் இறங்கிவிடக்கூடாது என்று ஆட்கள் ஆற்றுப்படுகையிலிருந்து சரளைக்கல்லும் மணலும் அள்ளிவந்து தடிமனாகப் பரப்பினார்கள். அதன்மேல் பெட்டிப் பலகைகளை அடுக்கினார்கள். வேம்பையனுக்குக் கொள்ளி வைக்கப் பிள்ளை அங்கே இல்லை. பெரம்பலூர் அகதி முகாமில் இருந்தான். பவளக்கொடியே வைத்தாள். யாரும் குறை சொல்லவில்லை. புகை நேராகக் கொஞ்சம் எழுந்து, பிறகு காற்றில் சாய்ந்து கிழக்கே போனது. போன பாதையெல்லாம் பனி சாம்பல் நிறமானது. நெருப்பைப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்ததால், அழவேண்டியவர்கள்கூடக் கையை நீட்டிக் குளிர்காய்ந்தார்கள்.

மறுநாள் காடாற்று. எரித்த இடத்தைக் குளிரவைப்பதற்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். எலும்பைப் பொறுக்கிக்கொண்டு, மிச்சச் சாம்பலை மண்ணோடு கூட்டி ஆள் படுத்திருப்பதுபோல் தலை, உடம்பு, கால் என்று பிடித்து, பால் ஊற்றி, தானியம் தூவுவார்கள். பால்பவுடரைக் கரைத்தார்கள். நவதானியத்துக்குச் சமையலறையில் கிடைத்தது பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும்.

“சாம்பலை ஒண்ணுவிடாம பீப்பாய்ல அள்ளிக் கீழ அனுப்பணும்னு சொன்னேனே,” என்றாள் தில்லைநாயகி.

“காடாத்தாம எப்புடி மேடம் அள்றது? சூடு ஆறணும்ல?” என்றாள் பவளக்கொடி. “நீங்க மூணு வருசமா இங்க வேற என்னா செய்யிறீங்க?”

சாம்பலும் சரளையும் மணலுமாக, ஒரு சாண் தடிமனில் ஆள் நீள மேடு அங்கேயே கிடந்தது. பயறு ஒன்றும் முளைக்கவில்லை. குருவிகள் தின்றுவிட்டுப் போயின.

ஜூலையில் மேலே இருந்த தூசித் திரை கிழிந்தது. எங்கோ அடித்த புயலோடு போய்விட்டது என்றார்கள். புதிதாகத் தூவ இந்த வருடம் முடியாது என்றார்கள். வெயில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்கள் துணியை இரட்டையாகப் போர்த்திப் பார்த்தார்கள், நனைத்துப் போர்த்திப் பார்த்தார்கள். துணிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் பாதியில் மேடு முழுக்கக் கல்லும் பாசியுமாகத் தெரிந்தது. தோற்றுவிட்டோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தில்லைநாயகி தனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். தூக்கம்தான் வந்தது.

அப்போது சேதுமாதவன் திரையில் வந்தார். முகத்தில் இதுவரை இல்லாத சுறுசுறுப்பு.

“தில்லை, செயற்கைக்கோள் படத்துல மேடு முழுக்கச் சூடா காட்டுது. நடுவுல ஒரு புள்ளி மட்டும் குளிர்ச்சி. அது என்ன?”

அவளுக்கு அது என்னவென்று உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் நடந்து போய்ப் பார்த்தாள். சுற்றியிருந்த பனியெல்லாம் இறங்கிப்போய், வேம்பையனின் மேடு மட்டும் இடுப்புயரத்துக்கு நின்றது. மேலே சாம்பலும் சரளையும். பக்கவாட்டில் ஒரு கல்லை நகர்த்தினாள். உள்ளே பழைய பனி, கெட்டியாக, நீலமாக.

“வேம்பையன எரிச்ச எடத்தோட மேடு, சார்,” என்று திரும்பி வந்து சொல்லிவிட்டாள். இனி மறைத்து என்ன.

சேதுமாதவன் திட்டவில்லை. கொஞ்ச நேரம் எதையோ தேடிப் படித்தார். “ஒப்பந்தத்துல ‘மூன்றாம் கோடையைத் தாண்டிய பனி இருக்க வேண்டும்’னு மட்டும்தான் போட்டிருக்கு. எவ்வளவு பரப்புன்னு எந்த வக்கீலும் எழுதல. புரியுதா? அதைத் தொடாதீங்க. இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல புதுப்பனி விழுந்துரும். விழுந்துட்டா திட்டம் பொழைச்சுக்கும். அடுத்த வருஷம் புதுத் திரை, புது ஆளுங்க.”

“கீழ இருக்கிற ஊரு?”

“அவங்களுக்கு மாற்றிடம் தயாரா இருக்கு. எல்லாம் பேசி முடிச்சது.”

தில்லைநாயகி வேம்பையனின் மேட்டுக்குத் திரும்பி வந்தபோது பவளக்கொடி அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். எலும்பு போட்ட எவர்சில்வர் தூக்கை எப்போதும்போல் கையில் வைத்திருந்தாள். மேட்டை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாத்தையும் உருக்கிப்புடும்னு சொன்னீங்களே மேடம்? இவரு எடம்தான் நிக்கிது!”

“லேசா விழுந்த கரி அடுப்பு மாதிரிக்கா. கனமாக் கெடந்தா போர்வை. நீங்க கூட்டி வச்சதால, வெயில் அதைத் தாண்டி உள்ள போவல.” பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. “ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தப் பனி இப்படியே இருந்துச்சுன்னா திட்டம் தொடரும். எலிசாப்பி ஊரக் காலி பண்ணுவாங்க. ஒங்க வீட்டுக்காரரு இதுக்குள்ளயே இருப்பாரு, மேல பனி ஏறிக்கிட்டே போவும். அவரு ஒங்காளு. என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க.”

 சேலையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பவளக்கொடியும் உட்கார்ந்தாள்.

“இருந்தா எங்க ஊரு எப்ப மேடம் வெளிய வரும்? எம் பேரன் காலத்துலயா?”

தில்லைநாயகி சுவரொட்டியை நினைத்துக்கொண்டாள். அதை எழுதியது அவள் இல்லை. படிக்கிறவர்களுக்கு அது வெறும் விளம்பரம் என்று புரியும் என நினைத்திருந்தாள். அந்த ஜனங்கள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

“இல்லக்கா. இது எப்படித் தொடங்கும்னா, கடுங்குளிரு தேவையில்ல, கோடை சோம்பேறியாயிட்டாப் போதும். உருகாம மிஞ்சுன பனி மேல அடுத்த வருசத்துப் பனி உக்காரும். வெள்ளை பெருசாவ ஆவ அந்த எடமே இன்னும் குளிரும். அப்புறம் யாரும் காவல் காக்க வேணாம், தானா ஏறும். ஆனா ரொம்ப மெதுவா. கடலு நூறு வருசத்துக்கு ஒரு முழம் எறங்குனா அதுவே அதிசயம்.”

“எங்க ஊரு மேல ரெண்டு ஆளு தண்ணி நிக்கிதே.”

“ஆமா. ஆயிரம் வருசம்னு வச்சுக்குங்க. அதுக்குள்ள வேற எங்கயாவது உருகுறது கடல அதவிட ஏத்திப்புடும்.”

“அப்புறமாவது நெலையா நிக்குமா இது?”

“நிக்காது. ஏற ஏறக் கனமாயிரும். கீழ இருக்கிற பாறையே அமுங்கும். பாறை அமுங்குனா பனியோட உச்சி தணிஞ்சு, வெதுவெதுப்பான காத்துக்குள்ள வந்துரும். அப்ப கொஞ்சம் வெயில் ஏறுனாலும் போச்சு. சேர எடுத்த காலத்துல பத்துல ஒரு பங்கு போதும், கரைஞ்சிரும். பழைய பனியெல்லாம் அப்படித்தான் போச்சு. தன் கனத்தாலயே.”

“இவரும் கனம்தான். பாடைக்கு நாலு பேரு போதல,” என்று பவளக்கொடி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “இது அவருக்குத் தெரியுமா மேடம்? ஆயிரம் வருசம்னு?”

“தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அந்தத் துணிய விட்டிருப்பாரு. காத்து கொண்டுபோவட்டும்னு விட்டிருப்பாரு. ஊரு ஊருன்னு சொல்லிக்கிட்டே இழுத்தாரு.”

  

பவளக்கொடி தூக்கை ஒரு கல்லின்மேல் பத்திரமாக வைத்தாள். எழுந்து மேட்டின் தலைமாட்டுக்குப் போனாள். ஒரு ஆள் மண்வெட்டி கொண்டுவந்தபோது வேண்டாம் என்று கையாட்டினாள். குனிந்து இரண்டு கையாலும் அள்ளினாள். சரளையை ஒரு பக்கம் போட்டாள். சாம்பலை விரல் இடுக்கில் விட்டு, கோலம் போடுகிறவள்போல் மெல்லிசாகப் பனிமேல் தூவினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு தில்லைநாயகியும் சேர்ந்துகொண்டாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எல்லோர் கையும் கறுத்துப்போனது. நீலப் பனி முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டு வெயிலில் கிடந்தது. அன்றைக்கே ஓரத்தில் சொட்டத் தொடங்கி, அடுத்தடுத்த நாட்களில் வாய்க்காலாக ஓடியது. கடைசித் துண்டு உருகியபோது பார்க்கப் பவளக்கொடி மட்டும்தான் இருந்தாள்.

சேதுமாதவன் அன்று வழக்கம்போல் வந்தார். “நிலவரம் எப்படி?”

“பனி இல்ல சார்.”

“அந்த மேடு?”

“அதுவும் இல்ல.”

திட்டப்போகிறார் என்று தில்லைநாயகி காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் தேய்த்தார். “நிஜமாவே இல்லதானே?” என்று கேட்டார். இல்லை என்றாள். “அப்பாடா,” என்றார். அந்த வார்த்தை தன்னிடமிருந்து வந்ததில் அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். உடனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அறிக்கை அனுப்பிருங்க” என்று திரையை அணைத்துவிட்டார். வேண்டாம் என்று முதலில் சொல்லும் ஆள் யார் என்று இத்தனை பேரும் இத்தனை வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஊருக்குத் திரும்பும் கப்பல் எலிசாப்பியின் ஊரிலிருந்துதான் புறப்படும். அவளே வண்டியில் அழைத்துப்போனாள். வழியெல்லாம் மேட்டிலிருந்து இறங்கிய ஓடை கூடவே வந்தது. கலங்கலாக, சாம்பல் நிறத்தில். ஊருக்குப் பக்கத்தில் அது கடலில் விழும் இடத்தில் பவளக்கொடி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

தூக்கைத் திறந்து எலும்புகளையும் அந்தத் தண்ணீரிலேயே விட்டாள். பிறகு தலைமுழுக வேண்டும் என்றாள். எலிசாப்பி பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரில் இறங்கினால் மூச்சு நின்றுவிடும் என்று தில்லைநாயகி எடுத்துச் சொன்னாள். பவளக்கொடி வாதாடவில்லை. கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். குளிரில் உடம்பு உதறியது. எலிசாப்பி தன் தோல் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டாள்.

“மேடம்,” என்று பவளக்கொடி தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள். “இந்தத் தண்ணி எங்க ஊருக்கு வருமா?”

தில்லைநாயகிக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. இதில் மட்டும் பொய் சொல்ல அவசியமே இல்லை.

“வரும்க்கா. எல்லாத் தண்ணியும் அங்கதான் வருது.”

பவளக்கொடி ஈரத்தலையை ஆட்டினாள். “அப்ப சரி,” என்றாள்.